நட்சத்திர வேட்டைக்காரர்

குட்டீஸ், கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? நேற்று பார்த்த அதே நட்சத்திரங்கள்தான் இன்றைக்கும் இருக்கும். உங்கள் தாத்தா அரை டிரவுசர் போட்ட பையனாக இருந்தபோது பார்த்ததும் இதே நட்சத்திரங்களைத்தான். வானத்தில் எதுவுமே நடப்பதில்லை, எல்லாம் ஆணி அடித்து வைத்ததுபோல அப்படியே இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால், நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் பிரபஞ்சத்தின் ஏதேதோ மூலைகளில் பல நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறியிருக்கும்! ரொம்பத் தூரத்தில் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்படி வெடிக்கும் நட்சத்திரங்களைத் தேடிப் பிடிப்பதற்காக ஏறக்குறைய நாற்பது வருடங்கள் கண்விழித்த ஒருவரின் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. பெயரைக் கேட்டதும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பிரியாணிப் பொட்டலம் கொண்டுவரும் அண்ணன் ஞாபகம் வருகிறதா? அந்த ஸ்விக்கி வேறு, இந்த ஸ்விக்கி வேறு! இவர் சுவிட்சர்லாந்து நாட்டுக்காரர்.

சுவிட்சர்லாந்துக்காரர் என்றாலும் பிறந்தது பல்கேரியாவில். கருங்கடல் ஓரத்தில் உள்ள வர்ணா என்ற துறைமுக நகரத்தில், 1898ம் வருடம் பிப்ரவரி 14ம் தேதி பிறந்தார். அப்பா ஃபிரிடோலின், அங்கே தொழில் செய்துவந்த சுவிஸ்காரர். அம்மா ஃபிரான்சிஸ்கா, செக் இனத்தைச் சேர்ந்தவர். மூன்று குழந்தைகளில் ஃபிரிட்ஸ்தான் மூத்தவர்.

ஆறு வயதானதும் அப்பா ஒரு முடிவு செய்தார். பையன் சொந்த ஊருக்குப் போய்ப் படிக்கட்டும். பெரியவனானதும் நம்மைப்போலவே வியாபாரம் பார்க்கட்டும். அப்படித்தான் ஃபிரிட்ஸ், சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்ற இடத்தில் இருந்த தாத்தா, பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சுற்றிலும் வானத்தை முட்டும் மலைகள். பையனுக்கு மலையேறும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பனிச்சறுக்கிலும் கெட்டிக்காரர் ஆனார். வரவு, செலவுக் கணக்கில்தான் மனசு ஒட்டவில்லை. கணிதமும் இயற்பியலும் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

ஜூரிச் நகரத்தில், ஐன்ஸ்டீன் படித்த அதே தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1922ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் ஆராய்ச்சி செய்தது என்ன தெரியுமா? உப்புப் படிகங்களைப் பற்றி! நட்சத்திரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1925ல் உதவித்தொகை கிடைத்து, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாசடீனா என்ற ஊரில் இருக்கும் 'கால்டெக்' நிறுவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தவர் கடைசிவரைக்கும் அங்கேயே தங்கிவிட்டார். ஆனாலும் அமெரிக்கக் குடியுரிமை மட்டும் வாங்கிக்கொள்ளவே இல்லை. சாகும்வரை சுவிஸ் குடிமகன்தான்.

கால்டெக்கின் தலைவர் மில்லிகன் நோபல் பரிசு வாங்கியவர். ஸ்விக்கி அவருக்கே பயப்படவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு நல்ல யோசனை தன்னிடமிருந்து வரும், எந்தத் துறையில் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்று மில்லிகனிடமே சவால் விட்டாராம். மில்லிகன் வான இயலைக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதையோ, நிஜமோ, ஸ்விக்கியின் குணத்துக்குப் பொருத்தமான கதை!

அவர் குணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்விக்கி நல்ல பலசாலி. கால்டெக்கின் சாப்பாட்டு அறையில், எல்லோரும் பார்க்கும்படி தரையில் படுத்து ஒற்றைக் கையால் தண்டால் எடுத்துக் காட்டுவாராம். வாய் அதைவிடப் பலசாலி. பிடிக்காத விஞ்ஞானிகளை 'உருண்டை' ஆட்கள் என்று திட்டுவார். ஏன் உருண்டை? ஒரு பந்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கும்? அதுபோல இவர்களை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மோசமானவர்கள் என்று அர்த்தம்! கேட்க நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. திட்டு வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

1931ல் ஜெர்மனியிலிருந்து வால்டர் பாடே என்ற வானியல் நிபுணர் பாசடீனாவுக்கு அருகிலுள்ள மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்கு வேலைக்கு வந்தார். பாடே அமைதியானவர். வானத்தைப் படம் எடுப்பதில் புலி. ஸ்விக்கிக்கு இயற்பியல் அத்துபடி. இரண்டு பேரும் ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டே ஒரு பழைய புதிரைக் கையில் எடுத்தார்கள்.

புதிர் இதுதான். சில சமயம் வானத்தில் திடீரென்று ஒரு நட்சத்திரம் புதிதாகத் தோன்றும். சில வாரம் ஜொலிக்கும், பிறகு மங்கி மறைந்துவிடும். லத்தீன் மொழியில் 'புதிய' என்று அர்த்தம் வரும்படி இதற்கு 'நோவா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1885ல் ஆண்ட்ரோமீடா என்ற ஒளித்திட்டுக்குள் இப்படி ஒன்று தோன்றியது. அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் 1920களில் எட்வின் ஹபிள் என்ற விஞ்ஞானி, ஆண்ட்ரோமீடா நம் பக்கத்தில் இல்லை, லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் தனி கேலக்ஸி என்று நிரூபித்தார். கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த பெரிய கூட்டம். நம் சூரியனும் அப்படி ஒரு கூட்டத்தில்தான் இருக்கிறது. ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்!

இப்போது யோசித்துப் பாருங்கள். தெருமுனையில் எரியும் விளக்கும், பத்து ஊர் தள்ளி எரியும் விளக்கும் உங்கள் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரிந்தால், தூரத்து விளக்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 1885ல் தோன்றியது சாதாரண நோவா இல்லை, கோடிக்கணக்கான சூரியன்கள் ஒரே இடத்தில் எரிந்ததுபோன்ற பூதம் என்று இருவருக்கும் புரிந்தது. இந்த ரகத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'சூப்பர்நோவா'.

சரி, ஒரு நட்சத்திரத்துக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? இங்கேதான் ஸ்விக்கியின் மூளை வேலை செய்தது. 1932ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சாட்விக், அணுவுக்குள் நியூட்ரான் என்ற துகள் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அணு என்பது பெரும்பாலும் காலி இடம்தான். அணுவை ஒரு கிரிக்கெட் மைதானம் என்று வைத்துக்கொண்டால், அதன் கரு, நடுவில் கிடக்கும் ஒரே ஒரு கடுகு! அந்தக் காலி இடத்தை எல்லாம் நசுக்கி எடுத்துவிட்டு, கடுகுகளை மட்டும் நெருக்கி அடைத்தால்? ஒரு முழு நட்சத்திரமே ஒரு நகரத்துக்குள் அடங்கிவிடும். எரிபொருள் தீர்ந்த பெரிய நட்சத்திரம் தன் எடையைத் தாங்க முடியாமல் உள்பக்கமாகச் சரிகிறது. நடுப்பகுதி நியூட்ரான் உருண்டையாக இறுகுகிறது. அந்தச் சரிவில் கிடைக்கும் சக்தியில் மேல் பகுதி வெடித்துப் பறக்கிறது. வெடித்த இடத்தில் மிச்சம் இருப்பது ஒரு 'நியூட்ரான் நட்சத்திரம்'. ஒரு டீஸ்பூன் அள்ளினால் நூறு கோடி டன்னுக்கு மேல் இருக்கும்!

1933 டிசம்பரில், ஸ்டான்ஃபோர்டில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதைச் சொன்னார்கள். 1934ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். நியூட்ரானுக்கே அப்போது இரண்டு வயதுதான். அதற்குள் அதை வைத்து ஒரு நட்சத்திரமா என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்று ஸ்விக்கி சொன்னதை ஒரு கார்ட்டூனாகவே போட்டது. நட்சத்திரம் வெடித்து, கடைசியில் 14 மைல் அகல உருண்டையாகச் சுருங்கிவிடுமாம் என்று அதில் இருந்தது. 14 மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். இன்றைய கணக்கும் ஏறக்குறைய அதேதான்! கார்ட்டூனைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தார்களோ!

நியூட்ரான் நட்சத்திரத்தைக் காட்ட ஸ்விக்கியிடம் வழி இல்லை. அவ்வளவு சின்ன உருண்டை எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது. சூப்பர்நோவாக்களையாவது பிடித்துக் காட்டுவோம் என்று கிளம்பினார். கால்டெக் கட்டடத்தின் மாடியில் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தினார். லென்ஸின் அகலம் ஒரு சாண்கூடக் கிடையாது. அதை வைத்து, நிறைய கேலக்ஸிகள் கூடியிருக்கும் கன்னி ராசிப் பக்கமாக இரண்டு வருடம் படம் எடுத்துத் தள்ளினார். கிடைத்தது எத்தனை? பூஜ்யம்! ஒரு கேலக்ஸியில் சூப்பர்நோவா வெடிப்பது நூறு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். எந்தக் கேலக்ஸியில், எந்த நாளில் என்று யாருக்குத் தெரியும்? ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை ஒரே சமயத்தில் கவனித்தால்தான் உண்டு.

அதற்கேற்ற கருவியைச் செய்தவர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட். எஸ்டோனியா நாட்டின் ஒரு குட்டித் தீவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வெடிமருந்தை வைத்து விளையாடி வலது கையை இழந்தவர். மிச்சம் இருந்த ஒரே கையால் கண்ணாடிகளைத் தேய்த்துத் தேய்த்து, 1930ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு புதுவிதத் தொலைநோக்கியைச் செய்து முடித்தார். மற்றத் தொலைநோக்கிகள் வானத்தைச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தால், இது ஜன்னலையே திறந்துவிட்டது! ஹாம்பர்க்கில் ஷ்மிட்டோடு பழகிய பாடேதான் இந்தச் செய்தியைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். விடுவாரா ஸ்விக்கி? அதேபோல ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தார். 1936ல் பாலோமர் மலை உச்சியில், 18 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி தயாரானது. அந்த மலைக்கு வந்த முதல் தொலைநோக்கி அதுதான்.

இனிமேல் ஸ்விக்கி செய்த வேலை என்ன என்று கேட்டால், உங்களுக்கு ரொம்பப் பழக்கமான வேலைதான். சிறுவர் பக்கங்களில் இரண்டு படங்களைப் போட்டு 'ஆறு வித்தியாசம் கண்டுபிடியுங்கள்' என்று கொடுப்போமே, அதேதான்! போன மாதம் எடுத்த வானத்தின் படம் ஒரு பக்கம், இன்றைக்கு எடுத்த அதே இடத்தின் படம் மறுபக்கம். இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு புள்ளி முளைத்திருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த படம். அதிலும் இல்லையென்றால் அதற்கு அடுத்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள படங்களில், வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தேடுவது என்றால் எத்தனை பொறுமை வேண்டும்! யாரிடமும் பொறுமையாகப் பேசத் தெரியாத மனிதருக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

1937 ஆகஸ்டில் அடித்தது ஜாக்பாட். 'ஐ.சி. 4182' என்ற மங்கலான குட்டிக் கேலக்ஸிக்குள் பளிச்சென்று ஒரு புதுப் புள்ளி! கேலக்ஸியில் உள்ள எல்லா நட்சத்திரங்களின் வெளிச்சத்தையும் கூட்டினாலும் இந்த ஒரே ஒரு நட்சத்திரம் அதைப்போல நூறு மடங்கு பிரகாசமாக இருந்தது. அதற்குப் பிறகு வரிசையாகச் சிக்கின. வாழ்நாள் முழுவதும் சேர்த்து ஸ்விக்கி கண்டுபிடித்த சூப்பர்நோவாக்கள் சுமார் 120. தனி ஒருவராக இத்தனை கண்டுபிடித்தவர் என்று பல வருடங்கள் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, குட்டீஸ். சூப்பர்நோவா வெடித்தால் நியூட்ரான் நட்சத்திரம் மிஞ்சும் என்று சொன்னார் அல்லவா? அவர் பிடித்த அந்த 1937ம் வருடத்துச் சூப்பர்நோவா இருக்கிறதே, அது எதையுமே மிச்சம் வைக்காத ரகம்!

எப்படி என்று பார்ப்போம். நம் சூரியனைப் போன்ற நடுத்தர நட்சத்திரங்கள் சாகும்போது வெடிப்பதில்லை. மெல்லச் சுருங்கி, பூமி அளவுள்ள ஒரு சூடான உருண்டையாகிவிடும். அதற்கு 'வெள்ளைக் குள்ளன்' என்று பெயர். இந்தக் குள்ளன் எவ்வளவு எடை வரை தாங்கும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930ல், 19 வயதில், மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு வரைக்கும்தான் தாங்கும் என்பது அவர் கண்ட எல்லை. 1983ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்லையை ஒரு குள்ளன் நெருங்கினால் என்ன ஆகும்? பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை உறிஞ்சிக் கொழுத்தாலும் சரி, இரண்டு குள்ளர்கள் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றி வந்து மோதிக்கொண்டாலும் சரி, உள்ளே இருக்கும் கார்பன் முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அணுகுண்டுபோல மொத்தமும் சிதறிவிடும். பிறகு தேடினால் ஒன்றும் இருக்காது. ஸ்விக்கி சொன்ன சரிவு ஒரு வழி. இது இன்னொரு வழி. சூப்பர்நோவாவில் இரண்டு ரகம் இருக்கிறது என்று 1941ல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி பிரித்துக் காட்டியதுகூட, ஸ்விக்கியின் வேட்டையில் கிடைத்தவற்றை ஆராய்ந்துதான்.

ஸ்விக்கிக்கு ஒரே இடத்தில் உட்காரும் வழக்கமே கிடையாது. 1933லேயே, கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் வானத்தில் ஏராளமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கு 'கரும்பொருள்' என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். கேலக்ஸிகள் பூதக்கண்ணாடிபோல ஒளியை வளைக்கும் என்று 1937ல் சொன்னார். 1979ல் அதுவும் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஏரோஜெட் என்ற நிறுவனத்தில் ராக்கெட் எஞ்சின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அதற்காக 1949ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனிடமிருந்து சுதந்திரப் பதக்கம் பெற்றார்.

1957 அக்டோபர் 4ம் தேதி ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியது அல்லவா? அடுத்த 12வது நாளில் ஸ்விக்கி என்ன செய்தார் தெரியுமா? நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஒரு ராக்கெட்டை மேலே அனுப்பி, அதன் உச்சியிலிருந்து சின்னச்சின்ன உலோகத் துண்டுகளைத் துப்பாக்கிக் குண்டுபோல வானத்தை நோக்கிச் சுட்டார்! செயற்கை எரிகற்கள்! அவற்றில் ஒன்றிரண்டாவது பூமியின் பிடியிலிருந்து தப்பித்துச் சூரியனைச் சுற்றப் போயிருக்கும் என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே முரட்டு ஆசாமிதான், போரில் ஐரோப்பாவின் நூலகங்கள் எரிந்து போயின என்று தெரிந்ததும், அமெரிக்காவில் வீடு வீடாக, கல்லூரி கல்லூரியாகப் பழைய அறிவியல் இதழ்களைச் சேகரித்து, டன் கணக்கில் கப்பலில் அனுப்பி வைத்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கான இல்லங்களுக்கும் உதவி திரட்டினார்.

பாடே விஷயத்தில் மட்டும் ஸ்விக்கியை நம்மால் மன்னிக்க முடியவில்லை. போர்க்காலத்தில் பாடே ஜெர்மன்காரர் என்பதற்காக, அவரை நாஜி என்று ஸ்விக்கி குற்றம் சாட்டினார். பாடே அப்படிப்பட்டவர் இல்லை. ஸ்விக்கியோடு ஓர் அறையில் தனியாக இருக்கவே பாடே பயந்தார். ஒன்றாக உட்கார்ந்து நியூட்ரான் நட்சத்திரத்தைக் கற்பனை செய்தவர்கள் அதற்குப் பிறகு ஒன்று சேரவே இல்லை. பாடே 1960ல் இறந்துபோனார்.

நியூட்ரான் நட்சத்திரத்தையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1939ல் ஓப்பன்ஹைமரும் அவருடைய மாணவரும் கணக்குப் போட்டுப் பார்த்ததோடு சரி. வருடங்கள் ஓடின. ஸ்விக்கி சொன்னது என்பதாலேயே பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது. நாலு பேரிடம் நல்லவிதமாகப் பேசியிருந்தால் யாராவது முன்பே தேடியிருப்பார்களோ என்னவோ.

1967ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், ஜோஸ்லின் பெல் என்ற மாணவி, ரேடியோ தொலைநோக்கி கக்கிய காகிதச் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தின் ஓர் இடத்திலிருந்து 'டிக், டிக், டிக்' என்று கடிகாரம்போலத் துடிப்புகள் வந்துகொண்டிருந்தன. 'பல்சார்' என்று பெயர் வைத்தார்கள். 1968ல் நண்டு நெபுலாவுக்கு நடுவிலும் ஒரு பல்சார் அகப்பட்டது. நொடிக்கு 30 தடவை துடித்தது. நண்டு நெபுலா என்பது, 1054ல் சீனர்கள் பார்த்து எழுதி வைத்த ஒரு சூப்பர்நோவாவின் சிதறல். நொடிக்கு 30 தடவை சுற்றினால் பெரிய நட்சத்திரம் பிய்ந்துபோகும், வெள்ளைக் குள்ளனும் தாங்காது. நகரத்தின் அளவுள்ள உருண்டையால்தான் முடியும். சூப்பர்நோவா வெடித்த இடத்தில், நடுவில், நியூட்ரான் நட்சத்திரம்! 34 வருடங்களுக்கு முன்னால் சொன்னது அப்படியே இருந்தது. ஸ்விக்கிக்கு அப்போது 70 வயது.

1972ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1974 பிப்ரவரி 8ம் தேதி, 76வது பிறந்த நாளுக்கு ஆறு நாள் முன்பு, பாசடீனாவில் ஸ்விக்கி காலமானார். கிளாரஸ் பகுதியில், மோலிஸ் என்ற மலையடிவார ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த வருடக் கோடைகாலம் வரை அவர் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா? 1974ல்தான் ஹல்ஸ், டெய்லர் என்ற இரண்டு பேர், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சுற்றுக்கு எட்டு மணி நேரம்கூட ஆவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் துளித்துளியாக நெருங்கி வருகின்றன. இன்னும் 30 கோடி வருடத்தில் மோதிக்கொள்ளும்!

அவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்கிறீர்களா? வேண்டாம். வேறொரு ஜோடி முந்திக்கொண்டது. 2017 ஆகஸ்ட் 17ம் தேதி, அமெரிக்காவில் உள்ள லைகோ கருவிகளும் இத்தாலியில் உள்ள விர்கோ கருவியும் ஒரு அதிர்வைப் பதிவு செய்தன. 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதால் வந்த ஈர்ப்பு அலை அது. இரண்டு நொடிக்குள் ஒரு காமாக்கதிர் மின்னல். 11 மணி நேரம் கழித்துச் சிலி நாட்டிலிருந்த தொலைநோக்கி ஒன்று, 'என்.ஜி.சி. 4993' என்ற கேலக்ஸியில் புதிய புள்ளியைப் பிடித்தது. முதலில் நீலமாக இருந்த அது, சில நாட்களில் சிவந்து மங்கிப் போனது. இந்த ரக வெடிப்புக்கு 'கிலோநோவா' என்று பெயர். அந்த ஒரே மோதலில் தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான உலோகங்கள், நம் பூமியின் எடையைப்போலப் பல மடங்கு உருவாகிச் சிதறின. அம்மா போட்டிருக்கும் தோட்டைப் பாருங்கள். அந்தத் தங்கத்தில் கொஞ்சமாவது, நம் பூமி பிறப்பதற்கு முன்னால், இப்படி எங்கோ மோதிய இரண்டு நட்சத்திரங்களிலிருந்து வந்திருக்கும்.

இப்போது மறுபடி பாலோமர் மலைக்கே போவோம். 2018லிருந்து அங்கே ஒரு ராட்சதக் கேமரா, இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை வடக்கு வானம் முழுவதையும் படம் எடுக்க ஆரம்பித்தது. ஒரு படத்துக்குள் 200 முழு நிலவுகளுக்கு மேல் அடங்கும். பழைய படம், புதிய படம், என்ன வித்தியாசம் என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும். திட்டத்தின் பெயரே 'ஸ்விக்கி' பெயரில்தான்! இதைத் தொடங்கி நடத்தியவர் கர்நாடகத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி. உங்களுக்குக் கதைகள் எழுதும் சுதா மூர்த்தி பாட்டியின் தம்பி இவர். ஸ்விக்கி வாழ்நாள் முழுக்கப் பிடித்தது சுமார் 120 என்றால், இந்தக் கேமரா திட்டம் 2024 டிசம்பருக்குள் 10,000 சூப்பர்நோவாக்களை வகை பிரித்து முடித்துவிட்டது.

வெள்ளைக் குள்ளர்களையும் அது விடவில்லை. ஏழே நிமிடத்தில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு குள்ளர்களை 2019ல் காட்டியது. 2021ல் இன்னொன்று. நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் எடை சூரியனைவிட அதிகம்! இரண்டு குள்ளர்கள் மோதிச் சேர்ந்து ஒன்றானது அது. சந்திரசேகர் சொன்ன எல்லைக்கு மயிரிழை இப்பால் நிற்கிறது. இன்னும் சிறிது எடை கூடியிருந்தால் வெடித்திருக்கும்.

குள்ளனும் நியூட்ரான் நட்சத்திரமும் மோதினால்? 2021 டிசம்பர் 11ம் தேதி வந்த ஒரு காமாக்கதிர் வெடிப்பு 50 நொடிக்கு மேல் நீடித்தது. மோதலில் வரும் மின்னல் இரண்டு நொடிதான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இதிலோ கிலோநோவாவின் சிவப்பு வெளிச்சமும் தெரிந்தது. வெள்ளைக் குள்ளன் ஒன்று நியூட்ரான் நட்சத்திரத்தோடு மோதியதால்தான் இத்தனை நேரம் என்கிறார்கள் சில விஞ்ஞானிகள். இல்லை, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள்தான் என்கிறார்கள் வேறு சிலர். சண்டை ஓயவில்லை. ஸ்விக்கி இருந்திருந்தால் யாரை எல்லாம் 'உருண்டை' என்று திட்டியிருப்பாரோ!

ஒற்றைக் கை ஷ்மிட்டின் யோசனையில் செய்த அந்த 18 அங்குலத் தொலைநோக்கி என்ன ஆயிற்று? ஸ்விக்கிக்குப் பிறகும் அது ரொம்ப நாள் உழைத்தது. 1994 ஜூலையில் வியாழன் கோளில் வரிசையாகப் போய் மோதிய ஷூமேக்கர்-லெவி வால்நட்சத்திரத்தை, 1993ல் கண்டுபிடித்தது அதே தொலைநோக்கி வழியாகத்தான். இப்போது அது ஓய்வு பெற்று, பாலோமர் மலையில் பார்வையாளர்கள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருக்கிறது.